பெயர் மாறாத ரினாய்

நான் திரும்பி வந்த அன்று எங்கள் மலையூரான பாரியோவின் விமானத் திடலில் முதலில் கண்ணில் பட்டவர் ரினாய் அக்காதான். ஓடுபாதை ஓரத்தில் அவருக்கு ஒரு தேநீர்க் கடை. என்னைக் கட்டிப் பிடித்து, இளைத்துவிட்டாய் என்று திட்டி, கையில் ஒரு துண்டு அன்னாசியைத் திணித்தார். அவருடைய தங்கை சிகாங் என் பள்ளித் தோழி. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இந்த சனிக்கிழமையோட சிகாங்னு ஒருத்தி இருக்க மாட்டா," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடச்சீ, முழிக்காதடி! ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. சனிக்கிழமை விருந்து. பேரு மாறப்போகுது."

எத்தனையோ ஊர் சுற்றியதில் இது மறந்து போயிருந்தது. எங்கள் கெலாபிட் இனத்தில் பிள்ளை பிறந்தால் தாயும் தகப்பனும் பழைய பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளை வந்தால் இன்னொன்று. ஊரையே கூட்டி, பன்றிக்கறி பரிமாறி, புதுப் பெயரை உரக்கச் சொல்லி, ஜெபம் பண்ணி முடிப்போம். அதற்குப் பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ரினாய் அக்காவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர்தான் இன்னும்.

பிள்ளைக்காக அவர் ஜெபித்ததுபோல் யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள். விடியலில் சபை மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் முழங்காலில் நிற்பார். கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என் குரலக் கேட்டாலே கர்த்தர், 'சரி, அந்த விஷயந்தான'ன்னு சொல்லியிருப்பாரு," என்பார். ஒருமுறை தத்தெடுக்க ஒரு குழந்தை அமைந்தது. பெற்றவள் மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த வருடம் அவர் சபைக்குப் போனார், ஆனால் வாய் திறக்கவில்லை.

அவரை மாற்றியது ஒரு உளறல். ஒரே கூரையின் கீழ் குடும்பத்துக்கு ஓர் அடுப்பாகப் பல குடும்பங்கள் வாழும் எங்கள் நீள்வீட்டில், அடுத்த அடுப்புக்காரருக்குப் பெயர் மாற்றும் விருந்து. போதகர் திடீரென்று ரினாய் அக்காவை ஜெபிக்கச் சொல்லிவிட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மனமுருக, விருந்துக்காரரின் பழைய பெயரைச் சொல்லியே ஆசீர்வதித்தார். அதுவும் இரண்டு பெயருக்கு முந்தின பெயர்! கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "போச்சு, என் ஆசீர்வாதம் விலாசம் தப்பிப் போச்சு!" என்று அந்த மனிதரே கத்தினார்.

அக்காவும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து அடுப்பில் சமைப்பவரின் பெயர்கூடத் தெரியாமல் அத்தனை வருடம் என்னதான் ஜெபித்தோம் என்று தோன்றியதாம்.

மறுநாள் முதல் ஊரார் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினார். அடுப்பு மூட்டும்போது ஒரு பெயர், களை பிடுங்கும்போது ஒன்று, கோப்பை கழுவும்போது இன்னொன்று. "கர்த்தர்கிட்ட வெறும் பேர மட்டும் சொல்லிட்டு நிறுத்த முடியுமா? அந்த ஆளுக்கு முதுகுவலி. அதையும் சொல்லணும்ல?" யாருக்கு என்ன வலி என்று தெரிய, போய்க் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வேண்டியிருந்தது. விமானம் கிளம்பினால், அது மலைக்குப் பின்னால் மறையும்வரை அதில் ஏறிப் போனவர்களுக்காக அவர் உதடு அசைந்துகொண்டிருக்கும். தேநீர் ஆறிப்போகும்.

"சோத்துக்கு உப்பு போட்டியா, இல்ல ஜெபம் மட்டும் பண்ணி இறக்கிட்டியா?" என்பார் கணவர் லியான்.

"உங்களுக்கு நாக்கு நீளம். அதுக்கும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன்."

அந்த சனிக்கிழமை சிகாங்குக்காக ஜெபிக்க வேண்டியவரும் அவர்தான். புதன்கிழமை கடையில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "சினா ராபென் உலுன். இதான் அவ புதுப் பேரு. ஊர்ல எல்லாரு பேரும் நிக்குது, இது மட்டும் நாக்குல நிக்க மாட்டேங்குது. சொல்லத் தொடங்கினா, பின்னாலயே என் பழைய விண்ணப்பம் வந்து நிக்குது."

"அப்ப முடியாதுன்னு போதகர்கிட்ட சொல்லிடுங்கக்கா."

"ஏன்னு கேப்பாரே. பொறாமைன்னா சொல்றது? சொந்தத் தங்கச்சிமேல?"

அன்று மாலை குழந்தைத் துணி துவைத்துத் தருவதாகச் சொல்லித் தங்கையின் அடுப்படிக்குப் போனார். நானும் கூடப் போனேன். சிகாங்கின் கண்கள் குழி விழுந்திருந்தன.

"அக்கா, ஒன்னு சொன்னா திட்டாத," என்றாள். "எனக்குத் தூங்கவே பயமா இருக்கு. நான் கண்ண மூடினா இவன் மூச்சு நின்னுடுமோன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

"அடியே! இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" ரினாய் அக்கா ஈரக் கையோடு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "போய்ப் படு." சிகாங் அங்கேயே பாயில் சாய்ந்தாள். அக்கா நடந்தபடி முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. கிட்டப் போய்க் கேட்டேன். சினா ராபென் உலுன், சினா ராபென் உலுன், அவளுக்குத் தூக்கத்தக் குடும் ஆண்டவரே.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. அக்கா எழுந்து நின்று அந்தப் பெயரைக் கணீரென்று சொன்னார், ஒரு எழுத்து பிசகவில்லை. "ஆமென்" என்றதும், முன்பு ஆசீர்வாதம் விலாசம் தப்பிப்போன அடுத்த அடுப்புக்காரர்தான் முதலில் கை தட்டினார்.

உடனே புதுப் பெயர்க்காரி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "இப்ப எல்லாரும் எங்க அக்காவுக்காக ஜெபிக்கணும். என்னக்கா கேக்கணும்?"

அவர் என்ன கேட்பார் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா தங்கையிடமிருந்து தூங்கும் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இவ இன்னைக்கு நல்லாத் தூங்கணும். புள்ளைய நான் வச்சுக்கிறேன்."

"உனக்குக் கேளுன்னா இவளுக்குக் கேக்குறியே!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்போடே எங்கள் வழக்கப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தோம். புதுப் பெயர்கள் குழம்பிப்போகிற கிழவர்களும், இப்போதுதான் பேசப் பழகும் வாண்டுகளும், பாதிப் பேரை மறந்துவிட்டு வந்த நானும் அந்த ஒரு பெயரில் தடுமாறவில்லை. ரினாய், ரினாய் என்று கூரை முழுக்க அதுதான்.

லியான் மட்டும் நடுவில் ஒரு கண்ணைத் திறந்து அக்காவின் காதோரம் குனிந்தார். "பேர மாத்திடாதம்மா. இத்தன பேருக்கும் மறுபடி யாரு சொல்லிக் குடுக்குறது?"

குழந்தை விழித்துவிடும் என்று அடக்கிக்கொண்டு, தோள் குலுங்க அக்கா சிரித்தார்.