உத்தரத்திலிருந்து உதிர்ந்த மாவு

பொன்மலை ரயில்வே தொழிலாளியின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். திருச்சியில் எங்கள் கல்லூரியின் கத்தோலிக்க மாணவியர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கியபோது தலைகால் புரியவில்லை. ஜெபக் கூட்டம் நடத்த, வளாகத்தின் மூலையிலிருந்த பழைய ஓட்டுக் கட்டிடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன்.

சில வாரங்களிலேயே பாய்களின் மேல் மஞ்சள் மாவு உதிரத் தொடங்கியது. பெருக்க வரும் அஞ்சலை அண்ணாந்து பார்த்தாள்.

“உத்தரம் உளுத்துப் போச்சு பாப்பா. மதர்கிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா கட்டிடத்தைப் பூட்டிடுவாங்க. செக்ரட்டரி நானா, நீயா? பேசாம பெருக்கு.”

பெருக்கினாள். வாரத்துக்கு வாரம் மாவு கூடியது. ஜெபத்துக்கு நடுவே மேலே ஏதோ கறுக் கறுக்கென்று அரைக்கும். நான் குரலை உயர்த்திப் பாடுவேன்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, நாங்கள் குடையோடு வாசலை நெருங்கும்போது உத்தரம் ஓடுகளோடு உள்ளே விழுந்தது. எங்களுக்காக விரித்திருந்த பாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

கல்லூரித் தலைவியான மதர், என் எதிரிலேயே அஞ்சலையைக் கேட்டார். “தினம் பெருக்கறியே, கண்ணில்லையா உனக்கு? ஒரு வார்த்தை சொன்னியா?”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“கவனிக்கலைங்கம்மா” என்றாள் கடைசியில்.

மறுநாளிலிருந்து வேறொருத்தி பெருக்க வந்தாள்.

“எம் பொண்ணு மேடையில இங்கிலீஷ்ல பேசுவா” என்று அப்பா யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். அன்று தமிழில் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும்.