கறுத்துப்போன காகிதமும் என் நெஞ்சும்

முதலில் வந்தது இருமல். அதற்கும் முன்னால் வந்தது என் புத்திசாலித்தனம்.

பருத்திக் காட்டுக்கு எருவாகட்டும் என்று டவுனிலிருந்து சாக்கடை வண்டலை இரண்டு வண்டி கொண்டுவந்தேன். அதில் களைவிதை இருக்கும், சுட்டுச் சாம்பலாக்கிப் போடலாம் என்று நானே யோசித்து, நானே தீ வைத்து, புகைக்கு நடுவில் நின்று நானே கிளறினேன். பொழுது சாய்வதற்குள் கண் எரிந்தது, தலை சுற்றியது, நெஞ்சு விசிலடித்தது.

டாக்டர் குழாய் வைத்துக் கேட்டு, பிராங்கைட்டிஸ் (மூச்சுக்குழல் வீக்கம்) என்றார். பதினைந்து நாளில் சரியாகும் என்றும் சொன்னார். இரண்டாவது வாக்கியம் என் காதில் விழவில்லை. புகையில் என்ன விஷம் என்று தெரிந்தாக வேண்டும் என அடம்பிடித்தேன். தமக்குத் தெரிந்த ரசாயனக்காரரிடம் அனுப்பிவைத்தார்.

நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோன வண்டலில் பாதியை அவர் கண்ணாடிக் குழாயில் எரித்தார். ஈய உப்பில் தோய்த்த வெள்ளைக் காகிதத்தைப் புகையில் காட்டினார், கறுத்தது. ஹைட்ரஜன் சல்பைடு (அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயு) இருக்கிறது, ஆனால் அது உடம்பில் தங்காது என்றார். இதிலும் பின்பாதி எனக்குக் கேட்கவில்லை. கெஞ்சி நாலு காகிதம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

தினமும் காலையில் ஒரு காகிதத்தில் ஊதிப் பார்த்துப் பெட்டியில் வைப்பேன். வெள்ளையாகவே இருந்தது. மூன்றாம் நாள் நல்ல மழை. மறுநாள் பெட்டியைத் திறந்தால் ஊதிவைத்தவை கறுத்துக் கிடந்தன. விஷம் மெதுவாக வெளிவருகிறது, ஆயுள் முடிந்தது என்று முடிவுகட்டி, வீட்டுக்காரியைக் கூப்பிட்டு எருதுகள் யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அவள் பெட்டிக்குள் மூக்கை நீட்டினாள்.

"ஏனுங்க, இந்தப் பொட்டலம் என்னதுங்க?"

மீதிப் பாதி வண்டல். எருவை வீசியெறிய எந்தக் குடியானவனுக்கு மனசு வரும்? காகிதத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தேன். மழை ஈரத்தில் அது வாயு விட்டிருக்கிறது.

"உங்க நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது. சாவறதுன்னா, மொதல்ல இதச் சொரக்கொடிக்குப் போட்டுப்போட்டுச் சாவுங்க."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: ஒரு இருமல்கூட வரவில்லை.

மூச்சு முட்டி இதைப் படிப்பவர்களே, டாக்டரின் இரண்டாவது வாக்கியத்தையும் கேளுங்கள்.

முன்பு ஆடி, தை என்றுதான் எனக்குக் காலம் ஓடும். இப்போது ஒரு முழு மூச்சு உள்ளே போய்த் திரும்பி வருகிற நேரமே தாராளமாயிருக்கிறது. சுரைக்கொடியோ கூரை ஏறிவிட்டது. அதற்கு நானே எரு போட்டேன்; தீ வைக்கவில்லை.