முன்சக்கரத்து ஈயம்

ஏரியூரில் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடுகிற சின்னராஜிடம் எதைக் கேட்டாலும் காரணம் தயாராக இருக்கும். தண்ணி வரலையா? கரண்ட் கம்மி. கரண்ட் இருக்கா? அப்போ வால்வு. வால்வும் சரியா? அப்போ உங்க வூட்டுக் குழாய்லதான் கோளாறு, போய்ப் பாருங்க. அவரைத் திட்ட வருகிற பொம்பளைங்க, தங்கள் குழாயைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். அப்பேர்ப்பட்ட வாய்!

அந்த வாய் செல்லுபடியாகாத ஒரே ஆள் அவர் சம்சாரம் யுவராணி. ஊரே நர்சம்மா என்று கூப்பிடும். எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, அமுக்கினா வலிக்குதா என்று நாலு கேள்வியில் ஆளை மடக்கிவிடுவார்.

நாகமரையில் காவிரித் தண்ணியோரம் மீன் பிடிப்பதென்றால் சின்னராஜுக்கு உயிர். ஒருநாள் பாறை வழுக்கி விழுந்து அந்த உயிரே போகப் பார்த்தது. பிழைத்து வந்ததும் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, "இனிமே தூண்டில் குச்சியத் தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிவிட்டார் யுவராணி. மனுஷன் சத்தியத்தை மீறினாரா? மீறவே இல்லை. குச்சியைத் தொடவில்லை. காலி பாட்டிலில் தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு வெறுங்கையால் வீசினார். நரம்பைப் பற்றி சத்தியத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே என்பது அவர் கட்சி.

கையால் வீசினால் நரம்பு தூரமாகப் போய் விழ நல்ல கனமான ஈயம் வேண்டும். நாகமரையில் ஈயக்குண்டு விற்கிற நவநீதன், யுவராணியின் சித்தி மகன். அவனிடம் வாங்கினால் இவர் வூடு வந்து சேருமுன் சேதி வந்து உட்கார்ந்திருக்கும். என்னடா செய்வது என்று முழித்துக்கொண்டு நின்றபோதுதான், வாசலில் நின்ற யுவராணியின் பழைய மாருதி கண்ணில் பட்டது. இடதுபக்க முன்சக்கரத்து ஓரத்தில் ரெண்டு ஈயத்துண்டு, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. அழகுக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்து, கட்டிங் பிளேயரால் நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மாட்டிய கெளுத்தி மீனைக்கூட வூட்டுக்குக் கொண்டுவராமல் டீக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அவ்வளவு முன்ஜாக்கிரதை.

மறுநாளே கார் ஆட ஆரம்பித்தது. டீக்கடையில் ஒரு லாரி டிரைவரிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டார். "அந்த ஈயந்தாங்க சக்கரத்த சமமா சுத்த வைக்குது. அதப் புடுங்குனா வண்டி பரதநாட்டியம் ஆடும். எவன் புடுங்குனான்?" என்றார் டிரைவர். சின்னராஜ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஒரு வாரத்தை வாயைத் திறக்காமலே தள்ளிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் நல்லம்பள்ளியில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். யுவராணி ஓட்டினார். சின்னராஜுக்கு ஓட்டத் தெரியாது. எப்படி ஓட்டணும் என்று சொல்லத் தெரியும். பென்னாகரம் தாண்டி ரோடு நீளமாகக் கிடந்ததும் ஸ்டீயரிங் கடகடவென்று உதறியது.

"பாத்தீங்களா? அறுபது வந்தா ஆடுது."

"ரோடு அப்படி."

"இப்பத்தானங்க புதுசா போட்டாங்க."

"புது ரோடு அப்படித்தான் இருக்கும். செட்டாவணும்."

யுவராணி சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். வேகத்தைக் குறைத்தார், நாற்பதில் ஆட்டம் நின்றது. எண்பதுக்குப் போனார், அங்கேயும் அவ்வளவாக இல்லை. மறுபடி அறுபதில் வைத்து, நியூட்ரலுக்குத் தள்ளினார். அப்போதும் ஆடியது.

"இஞ்சின் இல்ல" என்றார். பிரேக்கை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஆட்டம் கூடவில்லை. "பிரேக்கும் இல்ல. உங்க சீட்டு ஆடுதா?"

"பயங்கரமா ஆடுது! பின்சக்கரந்தான், சந்தேகமே இல்ல."

யுவராணி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அங்கே வைத்திருந்த சீர்த்தட்டில் வெற்றிலைகூட அசையவில்லை. "ஸ்டீயரிங்தான் ஆடுது. முன்சக்கரம்" என்று வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். சின்னராஜ் அவருக்கு முன்னால் குதித்து, இடதுபக்கச் சக்கரத்தை மறைத்து வேட்டியை விரித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கம் நான் பாத்துட்டேன். தங்கமா இருக்குது."

யுவராணி வலதுபக்கத்து டயரை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் வாடிவிட்டது. "வண்டிக்கு வயசாயிருச்சுங்க. ரிம்மு கோணியிருக்கும். போற வழியில அதியமான்கோட்டைல தமிழ்மணி ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காரு. இன்னிக்கே குடுத்தர்றேன். பயந்து பயந்து என்னால ஓட்ட முடியாது."

சொல்லிக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். சின்னராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னால் சத்தியம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் பாவி மகள் ஆசையாக வாங்கின கார் போய்விடும். தருமபுரி வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினார். போயும் போயும் ரெண்டு துண்டு ஈயம்!

அதியமான்கோட்டையில் பழைய கார் வாங்கி விற்கிற தமிழ்மணி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "சாவியக் குடுங்கம்மா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்" என்று கையை நீட்டினார். யுவராணி சாவியை எடுத்தார். கொடுக்க மனசில்லாமல் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"குடுக்காத!" சின்னராஜ் கத்தியே விட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்குது. சக்கரத்து ஈயத்த நாந்தான் புடுங்குனேன்."

"எதுக்கு?"

அப்போதும் அந்த வாய் ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. "மீனு புடிக்க" என்றார்.

தமிழ்மணி நல்ல மனுஷன். போன் வந்த மாதிரி நகர்ந்துவிட்டார். யுவராணி திட்டுவார் என்று சின்னராஜ் தலையைக் குனிந்து நின்றார். திட்டு வரவில்லை.

"இந்தக் கார நான் எதுக்கு வாங்குனன்னு நெனைக்கறீங்க?"

"வேலைக்குப் போய்வர..."

"வேலைக்கு எனக்கு வண்டி வரும். அன்னிக்கு உங்களத் தண்ணியில இருந்து தூக்கிக் கரையில போட்டதும், ஆசுபத்திரி கொண்டுபோக ஒரு வண்டி கெடைக்காம நடுரோட்ல நின்னு போற வர்ற வண்டிக்கெல்லாம் கையக் காட்டி அழுதேன். ஊருக்கே ஊசி போடற நர்சு, புருசன மடியில போட்டுட்டு ஒண்ணும் பண்ண முடியல. இன்னொரு தடவ அப்படி நிக்கக் கூடாதுன்னுதான் இத வாங்குனேன். அந்தக் கார்லயே ஈயத்தப் புடுங்கிட்டு அதே தண்ணிக்குப் போயிருக்கறீங்க!"

சின்னராஜால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊர்முன்னால் பவிசு காட்டத்தான் கார் வாங்கினாள் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்!

பக்கத்திலேயே டயர் கடை. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுழலவிட்டு, ரெண்டு புது ஈயத்துண்டை எடுத்து விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

"அண்ணா, நல்லா அடிங்க. இவரு கைக்கு வராத மாதிரி" என்றார் யுவராணி.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரெண்டு தட்டு தட்டிவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். சின்னராஜ் அதைக் குனிந்து எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"அவ சொல்றால்ல. இன்னும் நாலு அடி போடுங்க."