கலெக்டரும் வைத்த கைரேகை

ஏழு வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஓர் ஆதார் பதிவு மையத்தில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. தீபம் முடிந்த வாரம் என்பதால் நல்ல கூட்டம்.

வரிசையில், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய வேண்டும். காப்பீட்டு அட்டைக்கு அலைந்திருக்கிறார்கள். ஆதார் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மனைவியிடம் ஆதார் இருந்தது. அவர் மட்டும் எடுக்கவே இல்லை.

போட்டோ எடுக்கும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கைரேகைக் கருவியை நகர்த்தி வைத்ததும் இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டார். எத்தனை முறை கேட்டும் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் தாத்தா இப்படிப் பயப்படுறீங்க? எங்கனா திருடிட்டா வந்தீங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். சிலர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவிதான் மேசைப் பக்கம் சாய்ந்து, "அந்த வார்த்தை மட்டும் வேணாம்மா" என்றார்.

வெள்ளைக்காரர் காலத்தில் அவர்கள் இனத்தையே பிறவித் திருடர்கள் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார்களாம். பெரியவருடைய அப்பா ஒரு தப்பும் செய்யாதவர்; ஆனாலும் தினமும் பொழுது சாய்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கட்டைவிரலைப் பதித்துவிட்டு வர வேண்டும். ஒருநாள் தவறினாலும் அடி. சின்னப் பையனாக இவர் வாசலில் காத்து நிற்பாராம்.

"அந்தச் சட்டம் போயி எத்தினியோ வருசமாச்சு. இவரு மட்டும் வெரல நீட்டவே மாட்டேன்றாரு. வலி வேற ஜாஸ்தியாவுது. நீதான் எதுனா சொல்லேம்மா."

எனக்குக் கூசிப்போயிற்று. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லார் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டேன். என் விரல்களைக் கருவியில் வைத்துக் காட்டினேன்.

"இது எல்லாருக்கும்தான் தாத்தா. நான் வெச்சிருக்கேன். கலெக்டரும் வெச்சிருப்பாரு."

"கலெக்டரா?"

"ஆமாங்க, பத்து வெரலும்."

கொஞ்சம் யோசித்தார். "அவரு இன்னா திருடுனாரு?"

வரிசையே சிரித்துவிட்டது. அவரும் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். கைகள் திறந்தன.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்கள். ரேகை லேசில் பதியவில்லை. மனைவி ஒவ்வொரு விரலாகப் பிடித்து அழுத்திக் கொடுத்தார். முடிந்ததும் வேட்டி நுனியில் துடைக்கப் போனவர், விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மையே ஒட்டலியேம்மா!"

அவருடைய அப்பா மை போகாத அந்தக் கட்டைவிரலோடுதான் அவருக்குச் சோறு ஊட்டுவாராம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இரண்டு மாதம் கழித்து வேகவைத்த வேர்க்கடலையோடு இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் உரித்துத் தின்னும்வரை போகவில்லை.

சட்டப் புத்தகத்திலிருந்து எப்போதோ அடித்துவிட்ட ஒரு சொல்லை அந்த மனிதர் அத்தனை வருடம் சுமந்திருக்கிறார்; அதே சொல்லை நானும் அவர்மேல் ஒருமுறை வீசினேன் என்ற நினைப்பு, இன்றும் யார் கையையும் பிடிக்கும் முன் என்னை ஒரு நொடி நிறுத்தி வைக்கிறது.