இறக்கி வைத்த கூடைகள்

என் அக்காவின் கல்யாணத்தில் எனக்கு ஓர் அநியாயம் நடந்தது. அதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. பந்தியில் பக்கத்தில் யார் அகப்பட்டாலும் பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். கேட்டவர்கள் எல்லாரும் "பாவம், சின்னப் புள்ளைக்கு இப்பிடியா செய்வாங்க" என்று என் பக்கமே பேசியிருக்கிறார்கள். அம்மா மட்டும், கதை தொடங்கினால் எழுந்து கைகழுவப் போய்விடுவாள். அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயங்களில் கடைசியில் இருந்தோம். அம்மா முதுகில் கூடையைத் தொங்கவிட்டுக் கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அக்கா ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். எதிர்த்தாற்போல இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர்களின் மகன் ஒன்றரை வருடம் பராக்குப் பார்த்துவிட்டு, ஒருநாள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட்டார்.

கல்யாணத்தை டவுன் மண்டபத்தில் வைக்கலாம், செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் பெண்ணின் கல்யாணம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில்தான் நடக்கும் என்றார். ரோஷப்படச் செலவில்லை. மண்டபத்தை அலங்கரிக்கத்தான் செலவு என்பது அவருக்கு மறுநாள்தான் உறைத்தது.

மண்டபம் என்று சொல்லும்போது நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட், அதற்கு மேலே மழை ஊறி வரைந்த கறைகள். சங்கக் கூட்டம் அங்கேதான் நடக்கும், வாக்குச்சாவடியும் அங்கேதான். மாதம் ஒருமுறை கிளினிக் நடக்கும்போது குழந்தைகளை நிறுக்கும் தராசைத் தொங்கவிட வாசல் நிலைக்கு நேர் மேலே ஒரு கொக்கி உண்டு. மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் வந்து அந்தக் கொக்கிக்குக் கீழே நின்று உள்ளே பார்த்தார். கழுத்து நிறைய நகை, கையில் பட்டன் குடை, அசல் டவுன்காரி. கறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எங்க பக்கம் நூறு பேராச்சும் வருவாங்க. பாத்துச் செய்ங்க சம்பந்தி" என்றார்.

"டவுன் மண்டபம் மாதிரியே செஞ்சிருவோம்ங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. நூறு பேர் முன்னால் மகள் தலை குனியக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. ஹட்டனிலிருந்து அலங்காரம் செய்பவர் ஒருவர் ஆல்பத்தோடு வந்தார். அவர் விலை சொன்னதும் அப்பா ஆல்பத்தை மெதுவாக மூடி, "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார். எங்கள் குளிரில் தென்னை வளராது. தோரணம் கட்டக் குருத்தோலை வேண்டுமென்றால்கூடக் கினிகத்தேனைப் பக்கமிருந்துதான் வரவேண்டும். பூவும் வாழைமரமும் அப்படியே. கல்யாணத்துக்கு வேண்டியதில் எது எங்கள் மலையில் சும்மா கிடைக்கிறது என்று யோசித்தால், குளிர் ஒன்றுதான் கிடைத்தது.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. நுவரெலியாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் மேசைக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் வேலை. அதனால் உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வெள்ளைக்காரர்கள் எப்படி முட்டை சாப்பிடுவார்கள் என்பதை அவர் சொல்லி நாங்கள் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம்.

"நம்மகிட்ட இல்லாதத வாங்கினா செலவு, அக்கா. இருக்கிறதத் தூக்கித் தொங்கவிட்டா அலங்காரம். என்கிட்ட விட்ருங்க" என்றார். அம்மாவுக்கு அப்போது பலகாரமும் பந்தியும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. "கண்டதையும் கட்டிறாதடா" என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டாள்.

திட்டத்தை மாமா என்னிடம்தான் சொன்னார். அவருடைய ஹோட்டலில் ஒரு வெள்ளைக்காரக் கல்யாணம் நடந்ததாம். கூரை முழுக்கக் கொழுந்துக் கூடைகளைத் தலைகீழாகவும் நேராகவும் கட்டி, அவற்றில் பூவை நிரப்பியிருந்தார்களாம். மணப்பெண் அதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றாளாம். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு கூடை இருக்கிறது, ஒரு சதம் செலவில்லை. ஆனால் ரகசியமாகச் செய்யவேண்டும், அம்மா மண்டபத்துக்குள் வந்ததும் அசந்துபோகவேண்டும் என்றார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு தீவிரமாக உழைத்ததில்லை.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பியதும் வாசல் வாசலாகப் போய்க் கூடை கேட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் ரகசியம் என்றேன். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணத்துக்கா? கூடையா?" என்றார். பிறகு தந்துவிட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு கூடைகள். குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். தேயிலைக் கறை விரலில் ஏறி, தண்ணீர் குளிரில் கை மரத்துப்போயிற்று. லயத்து ஓரங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்குமே ஒரு நீலப் பூ, எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதில் ஒன்று விடாமல் வெட்டினேன். ஓடைக்கரைப் பெரணியையும் சேர்த்து ஒவ்வொரு கூடையாக நிரப்பினேன். மாமா ஏணியில் ஏறிக் கட்டினார். இருட்டுவதற்குள் முடித்துவிட்டு மாமா பல்பைப் போட்டார். கறை தெரியவில்லை, தகரம் தெரியவில்லை. கூரையே பூத்துக் கிடந்தது. அம்மாவின் கூடையை மணவறைக்கு நேர் மேலே கட்டச் சொல்லியிருந்தேன். மாமா அதைப் போனில் படம் பிடித்தார். எனக்கும் கண் கலங்கியது, அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப்போல.

விடிந்ததும் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

ஒரு கூடைகூட இல்லை.

கூரைக்கும் சுவருக்கும் சேலைகளைக் கட்டியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், மாம்பழ நிறம், கிளிப்பச்சை. லயத்துப் பெண்கள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற சேலைகள். பக்கத்து வீட்டு அத்தை நாற்காலி மேல் நின்று தன் கல்யாணச் சேலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் எந்தக் கைகள் எனக்குக் கூடை தந்தனவோ அதே கைகள்தான் விடியற்காலையில் வந்து அவற்றை அவிழ்த்திருக்கின்றன. என் பூக்களைப் பித்தளைக் குடங்களில் செருகி மணவறையின் இரண்டு பக்கமும் வைத்திருந்தார்கள். கூடைகள் சமையல் கொட்டகைக்குப் பின்னால், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. செத்தவர்களை மூடுகிற மாதிரி மூடியிருந்தார்கள்.

நான் போட்ட சத்தத்தில் மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். அம்மா கிட்டே வந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சத்தம் போடாத. முகத்தக் கழுவிட்டு வா" என்றாள். மாமாவைத் தேடினேன். அவர் ஏணியில் நின்று சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்! என்னைப் பார்த்ததும், "சின்னப் புள்ள ஆசைப்பட்டுச்சேன்னுதான்க்கா கட்டினேன்" என்று அம்மாவிடம் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரோடு இரண்டு வருடம் நான் பேசவில்லை.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு வெட்கம். கொழுந்து எடுக்கிறவள் என்பது டவுன்காரிக்குத் தெரிந்துவிடுமாம். தெரியாமலா பெண் எடுக்கிறார்கள்? அந்த நகைக்காரி காலையில் குடிக்கிற தேத்தண்ணி வானத்திலிருந்தா விழுகிறது? நாங்கள் கூடை சுமக்காவிட்டால் அவள் எதைக் குடிப்பாள்? பத்து வயதில் இவ்வளவு ஞாயம் எனக்குள் இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த ஞாயத்தில் பிழை சொல்ல முடியவில்லை. அதுதான் தொந்தரவு.

மாப்பிள்ளை வீட்டு வேன்களின் ஹோர்ன் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. எல்லாரும் ஆரத்தித் தட்டோடு வெளியே ஓடினார்கள். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கி அம்மாவின் கூடையை இழுத்தெடுத்தேன். அடியில் நீலச் சேலைக் கரையை வைத்துத் தைத்த கூடை, ஆயிரம் கூடையில் கிடந்தாலும் எனக்குத் தெரியும். கிளினிக் பெஞ்சை வாசலுக்கு நகர்த்தி, அதன் மேல் ஏறி, குழந்தைகளை நிறுக்கும் கொக்கியில் கூடைக் கயிற்றை மாட்டினேன். வருகிற நூறு பேரும் அதற்குக் கீழே குனிந்துதான் உள்ளே போகவேண்டும். குனியட்டும்!

முதலில் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. கூடை முகத்துக்கு நேரே வந்ததும் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஊர்வலமே நின்றது. மேளமும் ஓய்ந்தது. அம்மாவின் தட்டிலிருந்து குங்குமத் தண்ணீர் சேலையில் சிந்தியது. அக்காவின் கல்யாணம் அந்தக் கொக்கியில் தொங்குகிறது என்பது அப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஆனாலும் பெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

"யாரு கூடை இது?"

"எங்க அம்மாவோடது" என்றேன் பெஞ்சில் நின்றபடியே.

அவர் என்னைத் திட்டவில்லை. கையை உயர்த்திக் கூடைக் கயிற்றைப் பிடித்து, தலையில் படுகிற இடத்தில் சுற்றியிருந்த துணியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். டவுன்காரிக்கு அது இன்ன இடம் என்று எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. பிறகு, மோதிரங்கள் நிறைந்த இரண்டு கையாலும் கூடையைக் கொக்கியிலிருந்து தானே இறக்கினார். இறக்கியதை அம்மாவிடம் கொடுக்கவில்லை, பின்னால் வந்த தன் மகனிடம் கொடுத்தார். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை கூடையும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றார்.

"நோட்டன் தோட்டத்துல பதினாறு வருஷம் சொமந்தேன் சம்பந்தி. இன்னிக்கும் நம்ம கண்ணு முன்னாடி எதுக்கு?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "பின்னாடி வச்சிட்டு வரட்டும். நீங்க ஆரத்தி எடுங்க."

அம்மா ஆரத்தி எடுத்தாள். உள்ளே போனதும் மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து சேலைகளைப் பார்த்தார். "எல்லாம் நம்ம ஆளுங்க சேலையா?" என்று கேட்டார். அம்மா தலையசைத்தாள். பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! எதிரியைக் குனிய வைக்கப் போய், எதிரியும் அம்மாவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். இருவரும் மல்லிகைச்சரத்தைக் கொண்டையில் வைக்காமல் உச்சந்தலையில், குறுக்காக, பட்டையாக வைத்திருந்தார்கள். டவுன் பெண்கள் எவ்வளவு அழகாகப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள், இவர்களுக்குப் பூ வைக்கக்கூடத் தெரியவில்லை என்று கறுவிக்கொண்டேன். லயத்துப் பெண்கள் எல்லாரும் அவரவர் சேலைக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து, பந்தி முடியும்வரை அதையே அண்ணாந்து காவல் காத்தார்கள். தாலி கட்டியதை அவர்களில் பாதிப்பேர் பார்க்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அக்கா இல்லாத வீடு வெறிச்சென்று இருந்தது. அம்மாவுக்கு வழக்கம்போல வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கூடைய எடுத்துத் தா" என்றாள். நேற்று கண்ணில் படக்கூடாது என்று மூடி வைத்தது இன்றைக்கு வேண்டியிருக்கிறதாக்கும் என்று மனதுக்குள் நன்றாகக் கேட்டேன். வாயால் கேட்கத் தைரியம் இல்லை. கூடையைக் கொண்டுவந்து முன்னால் பொத்தென்று வைத்தேன்.

அம்மா வாடிப்போன மல்லிகைச்சரத்தைத் தலையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்தாள். ஒரு பழைய துணியை நாலாக மடித்து, பூ இருந்த அதே இடத்தில் வைத்தாள். அதன் மேல் கயிற்றைப் போட்டு, கழுத்தை ஒருதரம் அசைத்துச் சரிபார்த்துக்கொண்டு குனிந்து வெளியே போனாள். பூவை எடுத்ததற்கும் துணியை வைத்ததற்கும் நடுவே, உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லாமல் தோல் வழுவழுவென்று தெரிந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவள் மலை ஏறிப் போகும்போது, கூடையின் பின்னலில் என் நீலப் பூவிதழ் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. அதைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை பார் என்று, அம்மா தேயிலைக்குள் மறையும்வரை அந்த இதழ்மேல்தான் எனக்குக் கோபமாக இருந்தது.