மாமன் மடியும் முன்சீட்டும்

உப்பளக் கூலியிலிருந்து விடுதலை, லைசென்ஸுக்கு வண்டியில் எட்டுப் போட்டதில் மூன்றாம் முறை வெற்றி, மஞ்சள் நம்பர் பலகை வைத்த சொந்தக் கார், மரக்காணம் டாக்சி ஸ்டாண்டில் ஆண்களுக்கு நடுவே ஓரிடம். தங்கை பாஞ்சாலை ஜெயித்தவற்றை அண்ணன் தனக்கோடி டீக்கடையில் இந்த வரிசையில்தான் சொல்வார். யாராவது குறுக்கே பேசி வரிசை குலைந்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

அந்நேரம் பாஞ்சாலை கண்ணாடியில் படிந்த உப்புப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பெல்ட் மாட்டாதவர்களுக்கு அவள் வண்டி நகராது. புதுச்சேரி போகும் பையன்கள் முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்தால், "எறக்குங்க தம்பி, உள்ள இருக்கற காத்துப் பை வெடிச்சா உங்க முட்டியே உங்க மூக்க ஒடைக்கும்" என்பாள். அங்காளம்மன் சிலையைக்கூட ஏர்பேக் மூடிமேல் ஒட்டாமல் நடுவில்தான் வைத்திருக்கிறாள். "இல்லன்னா அம்மனே நம்ம மேல பாயும்."

மகள் செந்தமிழுக்கு மூன்று வயதில் மயிலத்தில் காதுகுத்து. தாய்மாமன் தனக்கோடி பட்டு வேட்டியில் வந்தார். சீர்த்தட்டுகள் டிக்கியில் ஏறின. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்சீட்டில் அமர்ந்தார். கோயில் வாசலில் அப்படியே இறங்க வேண்டும் என்பது அவரது பல நாள் கனவு.

பாஞ்சாலை சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "அண்ணா, புள்ளைய எடுத்துக்கினு பின்னாடி போ."

"மாமன் மடியில இல்லாம புள்ள வேற எங்கடி உக்காரும்?" மாமியார் அமுதவல்லி வாசலிலிருந்தே கத்தினாள்.

"கோயில்ல மடி அத்தே. கார்ல சீட்டு."

கணவன் ராஜவேல் சிரித்தான். "அந்தப் பையக் கழட்டிப் போட்டுடேன்மே."

"கழட்டிட்டா புள்ள நேரா கண்ணாடில போயி மோதும்." அண்ணனிடம் திரும்பி, அவருக்கு எதிரே இருந்த ஏர்பேக் மூடியைத் தட்டினாள். "வண்டி எங்கனா மோதிச்சின்னா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பை இதக் கிழிச்சிக்கினு வரும்ணா. பெல்ட்டு போட்டுத் தள்ளி உக்காந்த பெரியாளத் தாங்கும். மடியில புள்ள இருந்தா மொத அடி அது தலைக்குத்தான்."

வெயில்மறைப்பைக் கீழே இழுத்துக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த படத்தில் பையின் முன்னால் ஒரு குழந்தை. மேலே சிவப்புக் கோடு.

பங்காளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பியது போலிருந்தது தனக்கோடிக்கு. காது சிவந்தது. தோளில் சாய்ந்திருந்த பிள்ளையின் தலை அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது. இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பாஞ்சாலை குயிலாப்பாளையத்தில் வாங்கிய பிள்ளை இருக்கை பின்னால் இருந்தது. பிள்ளையை அதில் உட்காரவைத்து, வாரைத் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"தாய்மாமனையே பின்னாடி தள்ளினவ" என்று மயிலம் போய்த் திரும்பும்வரை அமுதவல்லி சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீடு சேர்ந்ததும் தனக்கோடி ஒரு வெள்ளை அட்டை வாங்கி வந்தார். அடிக்கோல் வைத்துக் கோடிழுத்து, குண்டு குண்டாக எழுதினார்: "பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரக் கூடாது. தாய்மாமனுக்கும் இதே சட்டம்." படித்துக் காட்டிவிட்டு, கீழே தன் பெயரைப் போடப் போனார்.

"வண்டி என்னுதுண்ணா. குடு."

லைசென்ஸ் முதல் வங்கிக்கடன்வரை எதற்கும் அவள் பெருவிரல் ரேகையைத்தான் வைத்திருந்தாள். இப்போது பேனாவை இறுகப் பிடித்து, ஊர்ப் பலகைகளில் பார்த்துப் பழகிய எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். பாஞ்சாலை. தனக்கோடி மை காயும்வரை பொறுத்திருந்து, அதன் பக்கத்தில் தேதி போட்டார்: 3.3.2024.