அயல்வாசியின் பெயர்

யாருக்கும் பிடிக்காத ஒருத்தியைச் சொல்ல எங்கள் லயத்தில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒட்டாதவள், சிடுமூஞ்சி, வாய்த்துடுக்கு, ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால், யாருக்கும் ஆகாதவள். இத்தனையும் என்னைத்தான். லயம் என்றால் எஸ்டேட்டில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் வீடுகள். பக்கத்து வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி தனியாக இருக்க வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். நான் பாடுபட்டேன்.

முப்பது வருஷம் தேயிலை ஃபாக்டரியில் சலிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அந்த இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசுகிற பொம்பளையை யாருக்குப் பிடிக்கும்? “நாளைக்கு உன்னைத் தூக்க நாலு பேரு வேணும்டி, பாத்துப் பேசு” என்பார்கள். “தூக்காம விட்டா நாத்தம் உங்களுக்குத்தான்” என்பேன்.

பட்டப்பெயர் வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வைத்தால் அது நிற்கும். வலது பக்கத்து வீட்டுக்காரி எதற்கெடுத்தாலும் இளிப்பாள், அவளுக்குச் சர்க்கரைப்பாகு. இடது பக்கத்து வீட்டுக்குப் போடியிலிருந்து கல்யாணமாகி ஒருத்தி வந்தாள். ஒரு வாரம் குழாயடியில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. “ஊமைக்கோட்டான்” என்றேன். குழாயடியே சிரித்தது. மறுநாள் ஊமை உதிர்ந்துவிட்டது, கோட்டான் மட்டும் நின்றது. மஸ்டர் என்கிற ஆஜர்ப் புத்தகத்தில் அவளுக்கு ஒரு நம்பர், லயத்தில் கோட்டான். அவளுடைய வீடு கோட்டான் வீடு. அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

போன வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் புருஷன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. அப்பாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே என்னைத் தெரிந்த நாய்கூடக் கிடையாது. பஞ்சாயத்தில் வீடில்லாதவர்களுக்கு வீடு தருகிறார்கள். அந்தப் பட்டியலில் சேர, இத்தனை காலமும் இங்கேதான் இருந்தேன் என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்க வேண்டும். போனேன்.

ஆபீசர் மலையாளி. என் மனுவைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “சேச்சி, அயல்வாசி ரெண்டு பேர். ஒப்பு வேணும்.”

அயல் என்று காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. “யாருய்யா அயல்வாசி? நான் பொறந்ததே இந்த மலையில. நேத்து டிரான்ஸ்பர்ல வந்த ஆளு, நீ என்னைய அயல்வாசிங்கியா?”

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலையாளத்தில் அயல்வாசி என்றால் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும் என்றுதான் அந்த மனிதர் கேட்டார். எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கோபம் வந்துவிட்டால் என் காது தமிழ்க் காதாகிவிடும். ஆபீசரின் முகம் இறுகிப்போனது. “இனி ஒப்பு போரா. ஞான் நேரிட்டு வந்து அன்வேஷிக்கும்” என்றார். கையெழுத்து போதாதாம், நேரிலேயே வந்து விசாரிப்பாராம்.

வந்தார். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய சாயங்காலம். முதலில் சர்க்கரைப்பாகு. தினமும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறவள், “பாத்திருக்கேன் சார். அம்புட்டுப் பரிச்சயம் இல்ல” என்றாள். அதற்கடுத்த வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். “நமக்கெதுக்கு சார் வம்பு. தெரியாதுன்னு எழுதிக்கிடுங்க.”

யாருக்கும் ஆகாதவள் என்றால் அது வெறும் திட்டு. திருப்பித் திட்டிவிட்டுப் போகலாம். தெரியாது என்பது அப்படியில்லை. அந்த ஒரு சொல் என் வீட்டைப் பறித்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக, நாலு பேரிடம் நல்லபடியாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்த கையோடு அவர்கள்மேல் ஆத்திரமும் வந்தது.

மிச்சம் கோட்டான் வீடு. தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவள் ஈரக்கையோடு வெளியே வந்து நின்றாள்.

“இவளையா? தெரியாம என்ன? திமிர் புடிச்சவ சார். யாருக்கும் ஆகாத சென்மம். பதினோரு வருசமா எஞ்செவுத்துக்கு அந்தப் பக்கம் கெடந்து இருமுதா. காலையில அஞ்சு மணிக்குப் பாத்திரத்த உருட்டி எம்பிள்ளைய எழுப்பி விட்டுருவா. புருசன் செத்த அன்னைக்கும் யாரு தோள்லயும் சாஞ்சு அழல, கதவச் சாத்திக்கிட்டா. ஒரு நாளு, ஒரு பொழுது, வெளியூர்ல போயித் தங்குனதில்ல. போயித் தொலைஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே!”

ஆபீசரின் பேனா நிற்காமல் ஓடியது. அவருக்கு வேண்டிய எல்லாம் அந்தத் திட்டில் இருந்தது. “இது மதி” என்றார், போதும் என்று. பிறகு தாளை என்னிடம் நீட்டினார். “சேச்சி, அயல்வாசியுடெ பேரு இவிடெ எழுது. முழுப் பேரு.”

பேனாவை வாங்கினேன். கோட்டான் என்ற சொல்லைத் தவிர எனக்கு எதுவும் வரவில்லை. சர்க்கரைப்பாகைப் பார்த்தேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். வேறு வழியில்லாமல், பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் முதல் வார்த்தை பேசினேன்.

“உம் பேரென்ன?”

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். “நீ வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல. அதையே எழுது.”

உள்ளே போனாள். ரேஷன் கார்டை எடுத்துவந்து வாசற்படியில் விட்டெறிந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். குனிந்து எடுத்துப் படித்தேன். அழகான பெயர். லயத்தில் அதைச் சொல்லி ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாதவள் என்று ஒருத்தி இருந்தால், அது நான் இல்லை.